கோரையில் ஒட்டியிருக்கிற வெற்றுத்தோல்

எல்லாருக்கும் வணக்கமுங்க. தட்டான் தாழப் பறந்தால் மழை என்று சொல்லிப் பழகிய ஊர்க்காரர்கள் நாம், சின்ன வயதில் அதன் வாலில் நூல் கட்டி விளையாடியதும் இங்கே பலருக்கு நினைவிருக்கும், நானும் கட்டியிருக்கிறேன், இன்றைக்கு நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. ஏனென்றால் அது றெக்கையோடு இருப்பது பெரும்பாலும் சில வாரம்தான். அதற்கு முன்னால் மாதக்கணக்கில், சில இனங்கள் வருஷக்கணக்கில், தண்ணீருக்குள்ளேயே கிடந்து வளர்ந்திருக்கும்.

அந்தக் குஞ்சைக் காட்டினால் தட்டான் என்று யாரும் நம்ப மாட்டார்கள். சேற்று நிறம். கீழ்த்தாடையைக் கை மாதிரி மடித்து முகத்துக்கு அடியில் வைத்திருக்கும், கொசுப்புழு பக்கத்தில் வந்தால் கண் இமைப்பதற்குள் நீட்டிக் கவ்விக்கொள்ளும். தலைப்பிரட்டையையும் விடாது. செவுள் இருப்பது குடலின் கடைசியில், பின்பக்கமாகத் தண்ணீரை இழுத்து விட்டுத்தான் மூச்சு. ஏதாவது துரத்தினால் அதே தண்ணீரைப் பீய்ச்சியடித்து முன்னால் பாய்ந்துவிடும். ஊசி மாதிரி ஒல்லியான ஊசித்தட்டான் இருக்கிறதே, அதன் குஞ்சுக்கு மட்டும் வால்நுனியில் இலை போல மூன்று செவுள்.

கோயம்புத்தூர் சிங்காநல்லூர் குளத்தில் ஒரு விடியற்காலை பார்த்தேன். குஞ்சு ஒன்று சம்பங்கோரையைப் பிடித்து மெல்ல ஏறி, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. கொஞ்ச நேரம் அசைவே இல்லை. அப்புறம் முதுகு வெடித்தது. தலையும் மார்பும் வெளியே வந்து, பின்பக்கமாகச் சாய்ந்து தலைகீழாகத் தொங்கியது. கால் இறுகியதும் எம்பித் தன் பழைய தோலையே பிடித்துக்கொண்டு வாலை உருவியது. கசங்கிய துணி மாதிரி இருந்த றெக்கை மெதுவாக விரிந்தது. மிஞ்சிய தோலுக்குள் வெள்ளை நூல் நாலைந்து நீட்டிக்கொண்டிருந்தன, அவை மூச்சுக்குழாயின் உள்தோல்.

மழைக்காலத்தில் நம் காட்டு மேலே கூட்டமாகச் சுற்றுகிற மஞ்சள் தட்டானுக்குத் தண்ணீருக்குள் வளர அவ்வளவு நாள்கூட வேண்டாம், மழைத்தண்ணீர் தேங்கிய குட்டையில் ஒன்றரை, இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும். அது இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்று, மாலத்தீவில் பல வருஷம் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதினார். இத்தனை சின்ன உடம்பு!

சரி, நம் ஆற்றுக்கு வருவோம். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிற நொய்யல் கோயம்புத்தூர், திருப்பூரைத் தாண்டிக் காவிரியில் சேர்கிறது. கல்லுக்கு நடுவே தெளிந்து ஓடும் தண்ணீரில் மட்டுமே பிழைக்கிற தட்டான்கள் உண்டு, சாக்கடையும் சாயத்தண்ணியும் கலந்த இடத்தில் அவற்றைத் தேடிப் பயனில்லை. எந்த இனம் பறக்கிறது என்பதை வைத்தே தண்ணீரின் நிலையைக் கணிக்கலாம்.

ஆனால் தண்ணீர் நன்றாக இருந்தாலும் போதாதுங்க. கோரையை வேரோடு பிடுங்கிவிட்டுக் கரை முழுக்க கான்கிரீட் போட்டால் அந்தக் குஞ்சு எதைப் பிடித்து ஏறும்? ஊசித்தட்டான் எந்தத் தண்டைக் கீறி முட்டை வைக்கும்? உங்கள் ஊர்க் குட்டையைத் தூர்வாரும்போது ஒரு பக்கக் கரையை மட்டும் அப்படியே விட்டுவையுங்கள். அடுத்த மழைக்கு அப்புறம் வெயில் ஏறுமுன் போய்க் கோரைத்தண்டுகளைப் பாருங்கள், முதுகு வெடித்த வெற்றுத்தோல் ஒன்றாவது ஒட்டியிருக்கிறதா என்று.