பொம்மைக்கும் ஓர் இடுப்பளவு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

திருத்தணியைத் தாண்டி நகரி, புத்தூர், சித்தூர் என்று போகும் எல்லையோரத்தில் சில வீடுகளில் பொம்மைகள் வருஷத்துக்கு இரண்டு முறை பரணிலிருந்து இறங்கும். நவராத்திரிக்குக் கொலு, சங்கராந்திக்குப் பொம்மல கொலுவு. இரண்டிலும் முதல் படியில் நிற்பது மரப்பாச்சி ஜோடி. திருப்பதிக்குப் போனவர்கள் வாங்கி வந்த அந்த ஆண் பெண் பொம்மைகளுக்கு இடுப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. தோளிலிருந்து பாதம் வரை ஒரே கட்டை. அதைப் பார்த்து யாரும் இது நிஜ மனித உடம்பு என்று நினைத்துக்கொள்வதில்லை. குழந்தை துணியைச் சுற்றித் தன் விருப்பப்படி ராணியாகவோ பக்கத்து வீட்டு அத்தையாகவோ ஆக்கிக்கொள்ளும்.

கடையில் கண்ணாடித்தாள் போட்ட பெட்டியில் நிற்கும் ஃபேஷன் பொம்மை அப்படியில்லை. அது தன்னை வளர்ந்த பெண் என்று சொல்லிக்கொண்டே வருகிறது. அதனால் அதன் உடம்பைக் குழந்தை நம்புகிறது. அந்த உடம்பு எப்படி வந்தது, நிஜ அளவில் பொம்மை செய்தால் குழந்தைக்குப் பிடிக்குமா, அதை வீட்டிலேயே எப்படிச் செய்வது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

1959-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் தேதி நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் மேட்டல் நிறுவனம் பார்பியை அறிமுகப்படுத்தியது. உருவாக்கியவர் ரூத் ஹேண்ட்லர். உயரம் பதினொன்றரை அங்குலம், அதாவது நிஜ ஆளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அந்த உடம்பை நிஜ அளவுக்குப் பெருக்கிப் பார்த்த ஓர் ஆய்வு 1996-ல் வெளிவந்தது. அப்படிப்பட்ட உடலமைப்புள்ள பெண் லட்சத்தில் ஒருத்திகூட இருக்க மாட்டாள் என்று கணக்கு வந்தது. ஆண் பொம்மையான கென்னின் உடலமைப்போ ஐம்பது பேரில் ஒருவருக்கு இருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெண் உடம்பில் மட்டும் எவ்வளவு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்பது தெரியும்.

இதற்குத் தையல்காரர்களுக்கு உடனே புரிகிற ஒரு காரணம் உண்டு. உடம்பை ஆறில் ஒன்றாகச் சுருக்கலாம், துணியின் கனத்தைச் சுருக்க முடியாது. சாதாரணப் பருத்தித் துணி கால் மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொம்மைக்குப் புடவை கட்டினால் உள்பாவாடைப் பட்டி, புடவையின் உள்சுற்று, ஐந்து கொசுவம் எல்லாம் சேர்ந்து வயிற்றின் முன்னால் 15 மடிப்பாவது வந்துவிடும். அது கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். நம் அளவுக்குப் பெருக்கினால் வயிற்றில் ஏறக்குறைய ஒரு அங்குலத் துணி மூட்டை. அதற்கு இடம் விட இடுப்பை முன்கூட்டியே குறைத்துவிடுவது ஒரு வழி. உடுத்திக் கழற்ற வசதியான உடம்பு அது, நிஜம்போல இருக்க வேண்டும் என்று செய்ததில்லை என்று அந்த நிறுவனத்தின் வடிவமைப்புப் பொறுப்பாளரே 2014-ல் சொன்னார். சட்டை போட்டால் இடுப்பு சரியாகத் தெரியலாம். ஆனால் பொம்மை விளையாட்டில் பாதி நேரம் சட்டை கழற்றப்பட்டே இருக்கும் என்பது பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டுக்கும் தெரியும்.

இதனால் பாதிப்பு உண்டா? இங்கிலாந்தில் 5 முதல் 8 வயது வரையிலான 162 பெண் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. பார்பி படங்களைப் பார்த்த சிறுமிகள், அதிலும் வயது குறைந்தவர்கள், தங்கள் உடம்பைப் பற்றிக் குறைவாக நினைத்தார்கள், இன்னும் ஒல்லியாக வேண்டும் என்றார்கள். பொம்மையை மட்டும் குற்றவாளியாக்க நான் விரும்பவில்லை. விளம்பரம், சினிமா, வீட்டுக்கு வருகிற உறவினர் பேச்சு எல்லாம் இதில் சேரும். ஆனால் ஐந்தாறு வயதில் கையில் பிடித்துத் தலை வாரிவிடுகிற பெண்ணுருவம் அது ஒன்றுதான். 1965-ல் வந்த ஒரு பார்பியோடு 110 பவுண்டில், அதாவது ஏறக்குறைய 50 கிலோவில், நிலையாக நிற்கும் எடை மெஷினும், எடை குறைப்பது பற்றிய ஒரு குட்டிப் புத்தகமும் வந்தன. அதன் பின்னட்டையில் இருந்த அறிவுரை, சாப்பிடாதே என்பது. எந்தத் தாயும் மகளிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது.

மாற்று முயற்சிகள் வராமல் இல்லை. 1991-லேயே அகன்ற இடுப்பும் பெரிய பாதமும் கொண்ட ஒரு பொம்மை அமெரிக்காவில் வந்தது. 2012-ல் ஒன்பது வயதுச் சிறுமியின் அளவில் லாட்டி என்ற பொம்மை வந்தது. அதன் கால் தட்டையானது, தானாக நிற்கும். 2014-ல் நிக்கோலாய் லாம் என்பவர், 19 வயது அமெரிக்கப் பெண்களின் சராசரி அளவுகளை எடுத்து லாமிலி என்ற பொம்மையைச் செய்தார். முகப்பரு, மச்சம், தழும்பு என்று ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர்களும் அதற்கு உண்டு. பார்பியும் மாறியது. 2015-ல் கணுக்கால் அசைந்து தட்டைச் செருப்புப் போட முடிந்தது. 2016-ல் உயரமான, குட்டையான, பூசினாற்போன்ற என்று மூன்று புது உடம்புகள் வந்தன.

இங்கேதான் நிஜ அளவுப் பொம்மையை ஆதரிக்கிற நாம் ஒரு கசப்பான உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 3 முதல் 10 வயது வரையிலான 84 சிறுமிகளிடம் பழைய உடம்பும் இந்த மூன்றுமாக நான்கு உடம்புப் பார்பிகளையும் காட்டிக் கேட்ட ஆய்வு 2019-ல் வந்தது. பூசினாற்போன்ற பொம்மையோடு விளையாடத்தான் விருப்பம் மிகக் குறைவு. மூன்று வயதிலேயே யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஆகவே நிஜ உடம்பை மட்டும் கொடுத்துவிட்டுக் குழந்தை ஆசைப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. குழந்தைக்கு வேண்டியது வாரிப் பின்ன முடி, கழற்றி மாட்ட நாலைந்து உடுப்பு, உட்காரவும் நிற்கவும் வளையும் கைகால். இவை மூன்றும் நன்றாக இருந்தால் இடுப்பு எவ்வளவு என்று அது கேட்பதே இல்லை. மாற்றுப் பொம்மைகள் பல இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன. உடம்பு நல்ல உடம்பு, உடுப்பு ஒன்றே ஒன்று. பார்பிக்குத் தைத்த சட்டை அகன்ற உடம்புக்கு ஏறவும் ஏறாது.

கடையில் வாங்குவதானால் பெட்டிக்குள் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். முடியை விலக்கி உச்சியைப் பாருங்கள். மலிவுப் பொம்மையில் நெற்றி ஓரத்திலும் பின்கழுத்திலும் மட்டும் முடியை நட்டு நடுவில் வழுக்கையாக விட்டிருப்பார்கள். இரண்டாவது நாள் ஜடை போட்டதும் தெரிந்துவிடும். கை, காலை அழுத்திப் பாருங்கள். உள்ளே காற்றாக இருந்து குழிந்தால், தோள் குமிழ் சீக்கிரம் கழன்று வரும். நம் நாட்டில் 2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாமல், பிரித்ததும் கடுமையான பிளாஸ்டிக் வாடை அடித்தால் வைத்துவிட்டு வாருங்கள். மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீட்டில் பொம்மைச் செருப்பு, கைப்பை, வளையல் எதுவும் கூடாது. தொண்டைக்குள் போகும் அளவு அவை.

வீட்டில் செய்வதுதான் எனக்கு அதிக நம்பிக்கை தரும் வழி. அமெரிக்கப் பெண்ணின் சராசரி நமக்கு எதற்கு? அம்மாவையோ அத்தையையோ நிற்கவைத்து டேப்பால் அளந்து எல்லாவற்றையும் ஆறால் வகுத்துவிடுங்கள். ஐந்தடிப் பெண் 10 அங்குலப் பொம்மை ஆவாள். இடுப்பு 30 என்றால் 5 அங்குலம். சீட்டு, அதாவது பின்பக்கத்தின் அகன்ற சுற்று, 36 என்றால் 6. பாதம் 9 என்றால் ஒன்றரை. தலை, உயரத்தில் ஏழில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம். அளவு எடுக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைக் கூச்சப்படாமல் உரக்கச் சொல்லுங்கள், வகுத்தலை அதுவே போடட்டும்.

உடம்புக்குக் காடா துணி. தேயிலை டிகாக்‌ஷனில் ஊறவைத்தால் மாநிறம் வரும், நேரம் கூடக்கூட நிறம் ஏறும். டி-ஷர்ட் துணி வேண்டாம், பஞ்சை அடைத்ததும் பருத்துப் போய் அளவெல்லாம் வீணாகும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. இடுப்புச் சுற்று 5 என்றால் ஒவ்வொரு பாகமும் இரண்டரை, இருபுறமும் தையலுக்குக் கால் கால் அங்குலம், ஆக 3 அங்குலம் வெட்ட வேண்டும். இந்தத் தையல் துணியை மறப்பதால்தான் பல பொம்மைகள் நோஞ்சானாகி விடுகின்றன. அங்குலத்துக்கு 12 தையலாவது விழ வேண்டும். அக்குளிலும் தொடைச் சந்திலும் தையலை ஒட்டிக் கத்தரியால் நறுக்குக் கொடுக்காமல் திருப்பினால் அங்கே சுருங்கி நிற்கும், பஞ்சை அடைக்கும்போது அங்கேதான் பிரியும். முதுகில் ஒன்றரை அங்குலம் திறப்பு விடுங்கள்.

இந்த அளவுக்கு 30 முதல் 40 கிராம் இலவம்பஞ்சு போதும். கோலிக்குண்டு அளவு கிள்ளிக் கிள்ளி, கைகால் நுனியிலிருந்து பென்சிலின் மழுங்கிய முனையால் தள்ளுங்கள். மொத்தமாகத் திணித்தால் கட்டிகட்டியாக நிற்கும். இலவம்பஞ்சு நாளாக நாளாக அமுங்கும், ஆகவே கெட்டியாகவே அடையுங்கள். கழுத்துதான் எல்லாருக்கும் தோற்கும் இடம். தலை பின்னால் சாயாமலிருக்க ஐஸ்கிரீம் குச்சியில் பாதியை, முனையைத் தேய்த்துத் துணி சுற்றி, தலையிலிருந்து மார்பு வரை பஞ்சுக்கு நடுவில் இறக்கிவிட வேண்டும்.

அடைத்து முடித்ததும் ஒரு சங்கடம் வரும். இரண்டு பாகத் துணி உருண்டையாக உப்பும். மனித இடுப்போ முட்டை வடிவம், பக்கவாட்டில் அகலம், முன்பின்னாகத் தட்டை. சுற்றளவு சரியாக இருந்தும் முன்னாலிருந்து பார்த்தால் ஒல்லியாகவும் பக்கத்திலிருந்து பானை போலவும் தெரிவது இதனால்தான். பயந்து பிரிக்க வேண்டாம். நீள ஊசியில் கெட்டி நூல் கோத்து முதுகுக் குழியிலிருந்து தொப்புளுக்குக் கொண்டுவந்து, ஒரு நூலிழை தள்ளித் திரும்பக் குத்தி முதுகில் இழுத்து முடிச்சிடுங்கள். இடுப்பு தட்டையாகிப் பக்கவாட்டில் அகலும், தொப்புளும் கிடைத்துவிடும்.

முடிக்கு உல்லன் நூல் அழகுதான், ஆனால் வார முடியாது, சீப்பு பட்டதும் பிரிந்து பஞ்சாகும். ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் செயற்கைச் சவுரியை வாங்கி 7 அங்குல நீளத்துக்கு வெட்டி, முடி நுனியை மெல்லிய நாடாவில் அடுக்கி மெஷின் தையல் போடுங்கள். அந்த நாடாவைப் பின்கழுத்திலிருந்து சுற்றிச் சுற்றி, கால் அங்குல இடைவெளியில் உச்சி வரை கையால் தைக்க வேண்டும். வழுக்கை வராது, ரெட்டை ஜடையும் போடலாம். சிக்கெடுக்க ஈரப்படுத்தி நுனியிலிருந்து மேலே வாருங்கள். சூடு காட்டினால் உருகிவிடும்.

உடுப்புக்கு நகரி, புத்தூர் விசைத்தறிப் பக்கம் கிடைக்கும் கட் பீஸ் போதும். ஐந்தரை மீட்டர் புடவை ஆறில் ஒன்றாக 92 சென்டிமீட்டர் வரும். அவ்வளவும் வேண்டாம், மெல்லிய மல் துணியில் 65 சென்டிமீட்டர் நீளம், 19 சென்டிமீட்டர் அகலம் போதும். கொசுவம் மூன்று வைத்து, பட்டிக்குள் செருகாமல் பட்டியின் கீழ் விளிம்போடு தைத்துவிட்டால் முன்பு சொன்ன மூட்டை வராது. காளஹஸ்தி கலம்காரியை ஆசையாக எடுப்பார்கள். ஒரே மயில் பொம்மையின் உடம்பு முழுவதையும் அடைத்துக்கொள்ளும், ஓரத்துச் சின்னக் கரையை மட்டும் வெட்டி எடுங்கள். குடியாத்தம் லுங்கித் துணி கட்டம் சின்னதாக இருந்தால் சட்டைக்கு அருமை. அடர்ந்த சாயத் துணியைத் தண்ணீர் தெளியும்வரை அலசிவிட்டுத் தையுங்கள். இல்லாவிட்டால் கடைப் பொம்மைக்குப் போட்டாலும் அந்தச் சாயம் பிளாஸ்டிக்கில் இறங்கும், துடைத்தால் போகாது.

பிள்ளை ஒருநாள், இந்தப் பொம்மை குண்டு என்று சொல்லும். அதட்டாதீர்கள், பெரிய உபதேசமும் வேண்டாம். அம்மாவின் அளவுதான் இது, டேப்பை எடுத்து வா, பார்க்கலாம் என்றால் போதும். அதே வீட்டில் பாட்டி, சித்தி, உயரமான அக்கா என்று இன்னும் இரண்டு அளவில் பொம்மை செய்துவிட்டால் ஒன்றை மட்டும் குண்டு என்று ஒதுக்க வழியிருக்காது. பழைய பார்பியையும் பிடுங்கிப் போட வேண்டாம், அதுவும் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கட்டும்.

இதை விற்க நினைக்கும் தையல் தெரிந்த பெண்களுக்கு ஒரு தகவல். பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணையில், மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு முன்பு சொன்ன ஐ.எஸ்.ஐ. முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. முதலில் அந்தப் பதிவை வாங்கிக்கொண்டு பிறகு கடை போடுங்கள். கண்ணுக்குப் பட்டன் வைக்காமல் நூலால் தைத்தால் சின்னப் பிள்ளைகளுக்கும் தைரியமாகக் கொடுக்கலாம்.

வணக்கம்.