கரிக்கு எங்கடா போனானுவ?

நேயர்களுக்கு வணக்கம். நான் புவனகிரி பக்கம் வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன், அதே எடத்துலதான் எங்கப்பா துருத்தி ஊதி கருக்கருவா, மம்பட்டி, ஏர்க்கொழுன்னு அடிச்சிட்டிருந்தாரு. பரங்கிப்பேட்டைல ஒரு காலத்துல பெரிய இரும்பு ஆலை ஓடிச்சுன்னு நான் படிச்சிட்டு வந்து பெருமையா சொன்னப்ப மனுஷன் அசரவே இல்ல, கேட்டது ஒரே கேள்வி: "அவ்வளவு கரிக்கு எங்கடா போனானுவ?"

அவரு அப்படித்தான். கரி மூட்டை வந்து எறங்குனா ரெண்டு துண்ட எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாப்பாரு, கணீர்னு சத்தம் வந்தா எறக்கச் சொல்லுவாரு, பொத்துனு கேட்டா ஈரம், மூட்டை அப்படியே திரும்பிப் போவும். இரும்பு கடன்ல கூட கெடைக்கும்டா, நல்ல கரி கெடைக்காதும்பாரு.

பரங்கிப்பேட்டைன்னா நமக்கு மீன் ஞாபகம் வரும், 1781ல ஹைதர் அலி சண்டை ஞாபகம் வரும், யுனிவர்சிட்டியோட கடல் ஆராய்ச்சி நிலையம் ஞாபகம் வரும். இரும்புன்னா சிரிப்பாங்க. சிரிக்கறதும் நியாயம்தான், நம்ம டெல்டாவுல அம்மிக்கல்லுக்கே வெளியூர் போகணும், இதுல இரும்புக்கல்லு எங்கேருந்து வரும்?

ஜோசையா மார்ஷல் ஹீத்துன்னு ஒரு வெள்ளைக்காரரு, கிழக்கிந்திய கம்பெனியில நல்ல உத்தியோகம், அத விட்டுட்டு 1830 வாக்குல பரங்கிப்பேட்டை வெள்ளாத்து முகத்துவாரத்துல சீமை மாதிரி ஊதுலை போட்டு இரும்பு காய்ச்ச எறங்கிட்டாரு, கம்பெனியும் கடன் குடுத்துச்சு. (இவரு பேருல ஒரு வவ்வால் கூட இருக்கு, மஞ்சளா இருக்குமே அந்த வவ்வால்தான், சயின்ஸ் பேருல ஹீத்தை சேத்துட்டாங்க. இரும்புக்காரருக்கு வவ்வால் எதுக்குன்னு கேக்காதீங்க, அந்த காலத்து துரைங்களுக்கு எல்லாத்து மேலயும் ஆசை.)

இரும்புக்கல்லு சேலத்து பக்கம் கஞ்சமலை மாதிரி மலைகள்ல இருக்கு. அங்கேருந்து இங்க மாட்டுவண்டியில கட்டுப்படியாகுமா? அதனால பரிசல்ல ஏத்துனாங்க. காவிரி, அப்புறம் கொள்ளிடம், அதுலேர்ந்து நம்ம கான்சாகிப் வாய்க்கால் வழியா பரங்கிப்பேட்டை. ஆத்துல தண்ணி வந்தாதான் பரிசல் மெதக்கும், நடவுக்கு நாம பாத்துட்டிருக்கற அதே தண்ணிய நம்பித்தான் உலையும் இருந்திருக்கு. அதே 1830கள்லதான் ஆர்தர் காட்டன் முக்கொம்புலயும் அணைக்கரையிலயும் கொள்ளிடத்துக்கு குறுக்க அணை கட்டுனாரு, ஒரே ஆத்துல ஒருத்தர் கல்ல அனுப்ப பாக்குறாரு, ஒருத்தர் தண்ணிய நிறுத்த பாக்குறாரு.

சரி, கரிக்கு வருவோம். இங்கிலாந்துல அப்பவே நெலக்கரிய சுட்டு கோக் ஆக்கி இரும்பு காய்ச்ச ஆரம்பிச்சாச்சு, வெல சல்லிசு. ஆனா நல்ல உருக்கு செய்யறதுக்கு, அங்க உருக்குக்கு பேர்போன ஊரான ஷெஃபீல்டுகாரனுக்கு மரக்கரியில காய்ச்சுன இரும்புதான் வேணும், அத ஸ்வீடன்லேர்ந்து வாங்கிட்டிருந்தான். அந்த மார்க்கெட்டதான் ஹீத் புடிக்கப் பாத்தாரு. பரங்கிப்பேட்டை இரும்பு கப்பல் ஏறிச்சு, 1850ல வேல்ஸ்ல தொறந்த பிரிட்டானியா பாலத்துக்கு கூட போச்சுன்னு எழுதியிருக்காங்க. ஆனா கணக்கு பாருங்க, ஒரு டன் மரக்கரி எடுக்க நாலஞ்சு டன் விறகு மூட்டம் போடணும், இரும்போ கரிய தின்னுகிட்டே இருக்கும். சுத்தியிருந்த காடு கொறைய கொறைய கரி தூரத்துலேர்ந்து வரணும், தூரம் ஏற ஏற வெல ஏறும். 1833ல ஒரு கம்பெனி, நஷ்டம், 1853ல வேற பேருல இன்னொரு கம்பெனி, கேரளக் கரையில பேப்பூர்லயும் உலை, 1860கள் முடியறதுக்குள்ள பரங்கிப்பேட்டை உலை ஆறிப்போச்சு.

எனக்கு இதுல மனசு நின்னது வேற எடத்துல. நம்ம ஊர் கொல்லருங்க உருக்கு எப்படி செய்யறாங்கன்னு ஹீத் பாத்து எழுதி வச்சிருக்காரு. சின்ன மண்கொப்பரையில இரும்புத்துண்டு, கூட ஆவாரங்குச்சி, மேல எருக்கெலை ரெண்டு, வாய மண்ணு வச்சு பூசி உலையில வைக்கறது. வெளிக்காத்து உள்ள போகாது, உள்ள இருக்கற எலையும் குச்சியும் கரியாகி இரும்புல ஏறி உருக்காகும். நம்ம உருக்குங்கற வார்த்தைதான் வெள்ளைக்காரன் வாயில வூட்ஸ் ஆச்சுன்னு சொல்றாங்க. எருக்க நாம பிள்ளையாருக்கு மாலை கட்டுவோம், கோழிக்கூண்டு பக்கத்துல மண்டிக் கெடந்தா வெட்டிப் போடுவோம், அவ்வளவுதான்.

ஹீத் சீமைக்கு போனதும் உருக்குல மாங்கனீஸ் சேக்கறதுக்கு 1839ல பேட்டண்ட் வாங்குனாரு, ஷெஃபீல்டுல உருக்கு வெல எறங்கிச்சு, ஆனா இதையே இன்னும் மலிவா செய்ய ஒரு வழிய அவரே ஏஜெண்டுகிட்ட சொல்ல, அது பேட்டண்ட்ல இல்லன்னு அந்த ஆளு தனியா செய்ய ஆரம்பிச்சிட்டான். கேஸு வருஷக்கணக்கா இழுத்துச்சு, 1851ல ஹீத் செத்தும் முடியல, கடைசியில தோத்துதான் போச்சு.

இவ்வளவும் அப்பாகிட்ட சொன்னேன். எருக்கெலை விஷயத்துக்கு மட்டும் தலையாட்டுனாரு. பேட்டண்ட், கேஸு, பாலம் எதுவும் காதுல விழுந்த மாதிரியே தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு, "பக்கத்துல இவ்வளவு தென்னந்தோப்ப வச்சுகிட்டு கொட்டாங்கச்சி கரி போட்டுப் பாத்தானாடா?"ன்னாரு.

நன்றி, வணக்கம்.