சக்கரக் கோணமும் போல்ட்டின் தரமும்

நேயர்களுக்கு வணக்கம். காரின் சக்கரக் கோணங்களை வீட்டிலேயே திருத்திக்கொள்ள விரும்புவோர் பெரும்பாலும் அளவுகோலைப் பற்றியும் கருவிகளைப் பற்றியும் யோசிக்கிறார்கள். கோணத்தைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. இன்றைய உரை அந்தப் போல்ட்டைப் பற்றியது.

மாருதி 800 தொடங்கி நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்கள் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பில் நிற்கின்றன. ஷாக் அப்சார்பரின் அடிப்பகுதியில் உள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவே, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் இரண்டு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். சக்கரம் மேற்புறம் உள்ளே அல்லது வெளியே சாய்வதைக் கேம்பர் என்கிறோம். இத்தகைய கார்கள் பலவற்றில் கேம்பரைத் திருத்தத் தொழிற்சாலையே வழி வைப்பதில்லை. ஆகவேதான் நடுவில் மையம் விலகிய புடைப்புக் கொண்ட கேம்பர் போல்ட்டுகள் விற்பனைக்கு வருகின்றன. அதைத் திருப்பினால் நக்கிள் சற்றே நகர்ந்து சக்கரம் சாய்கிறது.

துளைக்குள் நுழைந்த போல்ட் ஓர் ஆணியைப் போலக் குறுக்கே நின்று பாரத்தைத் தாங்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், இறுக்கும்போது போல்ட் மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. நீண்டது சுருங்க முயலும் இழுவிசையால் தகடுகள் நக்கிளோடு அழுந்துகின்றன. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வே சக்கரத்தை வைத்த கோணத்தில் நிறுத்துகிறது. இழுவிசை போதாதபோது ஒவ்வொரு பள்ளத்திலும் தகடுகள் சிறிது வழுக்கும், போல்ட் வளைந்து வளைந்து சோர்வுறும், ஒருநாள் மரையின் அடியில் விரிசல் விழும். குறுக்காக நிகழும் இந்தச் சிறு வழுக்கலே நட்டுகளைத் தளர்த்தும் முதன்மைக் காரணம் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் வெளியிட்ட ஆய்வு விளக்கியது. ஸ்பிரிங் வாஷர் ஒன்றைப் போட்டுவிட்டால் நட்டு கழலாது என்ற நம்பிக்கையை இவ்விடத்தில் கைவிடுவது நல்லது.

போல்ட்டின் தலையில் பொறித்திருக்கும் 8.8, 10.9, 12.9 என்ற எண்களைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். புள்ளிக்கு முன்னுள்ள எண்ணை நூறால் பெருக்கினால் அறுபடும் வலிமை மெகாபாஸ்கல் என்னும் அலகில் கிடைக்கும். புள்ளிக்குப் பின்னுள்ளது, அதில் எத்தனை பத்தில் ஒரு பங்கு வரை நிலையாக நீளாமல் தாங்கும் என்பதைச் சொல்லும். ஆக, 10.9 என்பது 1000-இல் அறுபட்டு, 900 வரை தாங்கும் எஃகு. எண்ணே இல்லாத போல்ட்டைச் சக்கரத்தின் அருகில் கொண்டுவரக் கூடாது. துருப்பிடிக்காது என்பதற்காகத் துருவேறா எஃகு போல்ட்டைத் தேடுவோரும் உண்டு. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 வகை 450 மெகாபாஸ்கல் அளவிலேயே நெகிழத் தொடங்கிவிடும், அதாவது 10.9-இன் பாதி, இறுக்கும்போது அதன் மரைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கிக்கொள்வதும் உண்டு.

கேம்பர் போல்ட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. புடைப்புக்கு இடம் வேண்டுமென்பதால் அதன் தண்டு பழைய போல்ட்டைவிட மெலிந்திருக்கும். 14 மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்துவிட்டு 12 மில்லிமீட்டரைப் போடுகிறோம் என்று கொள்வோம். நுண்மரை அளவில் தாங்கும் குறுக்குப்பரப்பு 125 சதுர மில்லிமீட்டரிலிருந்து 92-ஆகக் குறைகிறது. கால் பங்குக்கு மேல் இழப்பு. பழையது 8.8 ஆக இருந்திருந்தால், 10.9 தரத்தில் வரும் மெல்லிய போல்ட் ஏறக்குறைய அதே இழுவிசையைத் தந்துவிடும். பழையதே 10.9 என்றால், அதே தரத்து மெல்லிய போல்ட் அதற்கு ஈடாகாது. அப்படியானால் 12.9 வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அந்த அளவு கடினமான எஃகின் மேல் சாதாரண மின்முலாம் பூசும்போது உட்புகும் ஹைட்ரஜனால், இறுக்கிய சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ எச்சரிக்கையின்றி முறியும் ஆபத்து உண்டு. எனவே உங்கள் காரின் மாதிரிக்கென்றே செய்யப்பட்டு, தரக்குறியும் இறுக்க வேண்டிய முறுக்குவிசை அளவும் தெளிவாக எழுதப்பட்ட தொகுதியைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள். அதில் எழுதியிருக்கும் அளவுக்கே இறுக்குங்கள். பழைய தடித்த போல்ட்டின் அளவை மெல்லியதற்குப் பயன்படுத்தினால் அது நீண்டு கெட்டுவிடும். மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவச் சொல்லாதபோது தடவுவதும் அதே கேட்டைச் செய்யும், ஏனெனில் முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில் நாம் போடும் விசையில் பெரும்பகுதி உராய்வுக்கே செலவாகிறது. உராய்வு குறைந்தால் மிச்சமெல்லாம் போல்ட்டை நீட்டப் போய்விடும்.

நட்டும் வாஷரும் போல்ட்டின் தரத்துக்கு ஈடாக இருக்க வேண்டும். 10.9 போல்ட்டுக்கு 10 என்று பொறித்த நட்டு. மென்மையான சாதாரண வாஷர் அதன் கீழ் நசுங்கி இறுக்கத்தை விட்டுவிடும். நைலான் வளையம் பதித்த நட்டை ஒருமுறை கழற்றினால் புதியதையே போடுங்கள். பிரேக்கின் வெப்பம் எட்டும் இடத்தில் நைலானைவிட முழு உலோகப் பூட்டு நட்டு ஏற்றது. தண்டில் வரிவரியாகப் பல்வெட்டிய பழைய போல்ட்டைத் திரும்பப் போடுவதானால், தலையை அசையாமல் பிடித்து நட்டை மட்டும் திருப்ப வேண்டும். துளையை அரத்தால் நீளமாக்குவது, காரின் பழுதுபார்ப்புக் கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய, செய்யத் தகாத செயல்.

ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டை ராட்டின் முனையில், நட்டு கழலாமலிருக்கக் குறுக்கே செருகும் கம்பியான காட்டர் பின் போடும் நட்டுக்கும் ஒரு கண்டிப்பான விதி உண்டு. குறித்த விசைக்கு இறுக்கிய பின் தண்டின் துளையும் நட்டின் வெட்டும் நேராக அமையாவிட்டால், மேலும் சற்று இறுக்கித்தான் நேராக்க வேண்டும்; ஒருபோதும் பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. காட்டர் பின்னும் ஒவ்வொரு முறையும் புதியதாக இருக்கட்டும்.

வேலை முழுவதும் கார் ஜாக்கியின் மேல் அன்றி உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிற்க வேண்டும். இறுக்கி முடித்ததும் போல்ட், நட்டு, தகடு மூன்றையும் தொட்டுச் செல்லும்படி பெயின்ட்டால் ஒரு கோடு இழுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் கோடு முறிந்திருந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது என்று பொருள். கேம்பர் மாறினால் சக்கரங்கள் முன்னோக்கிப் பார்க்கும் கோணமான டோ கூடவே மாறும் என்பதால், வீல் அலைன்மென்ட் கருவியுள்ள இடத்தில் அதே நாளில் அளந்துவிடுங்கள். அதுவரை வேகத்தைக் கட்டுக்குள் வைத்திருங்கள்.