குசினிக்குள் ஒரு காலநிலைத் திட்டம்

வணக்கம் நேயர்களே.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்துப் பிரதேச சபை ஒன்றில் மூன்று மாதப் பயிற்சிக்குச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவன் ஒருவனுக்கு நான் மேற்பார்வையாளராக இருந்தேன். சபை ஒரு காலநிலைச் செயற்றிட்டம் எழுதி வைத்திருந்தது. அது நடந்தால் ஊராரின் உடம்புக்கு என்ன நன்மை என்று கணக்குப் பார்த்துச் சொல்வதுதான் அவனுக்குக் கொடுத்த வேலை.

திட்டத்தில் மரநடுகை, சைக்கிள் பாதை, மழைநீர்த் தொட்டி, விறகு மிச்சம் பிடிக்கும் அடுப்பு என்று எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே செலவு எவ்வளவு, காபனீரொட்சைட்டு எவ்வளவு குறையும் என்றும் போட்டிருந்தார்கள். இருமலுக்கும் காய்ச்சலுக்கும் வெயில் மயக்கத்துக்கும்தான் ஒரு நிரல்கூட இல்லை.

இது சின்னக் குறை இல்லை. படுவான்கரையில் உள்ள வவுணதீவில் காபனீரொட்சைட்டைக் குறைத்தால் வவுணதீவுக்கு மட்டும் வெயில் குறையப்போவதில்லை. அந்தப் பலன் உலகம் முழுக்கப் பங்கு போய்விடும், அதுவும் மெதுவாகத்தான். ஆனால் அடுப்புப் புகை குறைந்தால் அந்த வீட்டுப் பிள்ளை அன்றைக்கே நல்ல காற்றைச் சுவாசிக்கும். ஊர்ச் சனத்திடம் வரிப்பணம் கேட்கிற சபை இதை அல்லவா முதலில் சொல்ல வேண்டும்? வாக்குக் கேட்கிறவர்களுக்கும் இது உதவும், அது வேறு கதை.

சரி, அடுப்புக்கு வருவோம். கைக்கு அடக்கமான ஒரு தூசுமானியை எடுத்துக்கொண்டு மாணவன் ஒரு வீட்டுக் குசினிக்குள் போனான். நானும் கூடவே போனேன். ஓலைக் கூரை, ஒரே ஒரு சின்ன யன்னல். அம்மம்மா ஒருவர் பொச்சுமட்டையைச் செருகி ஊதிக்கொண்டிருந்தார், மேலே புட்டு அவிந்துகொண்டிருந்தது. மானியைப் பார்த்துவிட்டு, "என்ன மனே, எண்ட அடுப்புக்குக் காய்ச்சல் பாக்கிறயா?" என்றார். எண் இரண்டு இலக்கத்தில் இருந்து மூன்று இலக்கத்துக்குத் தாவியது. மாணவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடினான். அவர் அசையவில்லை.

அந்த மானி அளப்பது 2.5 மைக்ரோமீற்றருக்கு உட்பட்ட நுண்துகளை. தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு என்று வையுங்கள். நுரையீரலின் அடிவரை போய் இரத்தத்திலும் கலக்கும். ஒரு கனமீற்றர் காற்றில் இதன் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. வீட்டுக்குள் கிளம்பும் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாகவும் அதே நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

திட்டத்தில் இருந்ததோ 'அனகி' அடுப்பு, நம்மிடம் புழங்கும் இரட்டை மண் அடுப்பு. விறகை நன்றாக மிச்சம் பிடிக்கும், மறுப்பில்லை. ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது. விறகு குறைகிற அளவுக்குப் பெண்களின் நெஞ்சுக்குள் போகும் புகையும் குறைந்துவிடும் என்று காகிதத்தில் எழுதிவிட முடியாது. அடுப்பை எங்கே வைப்பது, யன்னலை எங்கே வெட்டுவது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனக்கு அந்த மூன்று மாதத்தில் பிடித்த கண்டுபிடிப்பு அதுதான்.

அப்புறம் சைக்கிள். நடைக்கும் சைக்கிளுக்கும் உலக சுகாதார நிறுவனம் 'ஹீட்' என்றொரு கணிப்புக் கருவி வைத்திருக்கிறது. வாரத்துக்கு 100 நிமிடம் சைக்கிள் ஓடினால் அகால மரண ஆபத்து பத்து வீதம் அளவு குறையும் என்பது அதன் அடிப்படை. மாணவன் விடியற்காலையிலேயே வலையிறவுப் பாலத்தில் நின்று சைக்கிள் எண்ணினான். பின்னேரமும் எண்ணினான். கொண்டுவந்த தொகை பிரமாதம். ஆனால் பாதிக்கு மேல் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள். அந்தக் கருவி சைக்கிளுக்கு எடுப்பது 20 முதல் 64 வயது வரைதான். அதோடு காலையில் போனவர்தானே பின்னேரம் திரும்பி வருகிறார்? ஒரே ஆளை இரண்டு ஆளாக்கி இருந்தான். எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி எண்ணப் போனான். முகம் தொங்கித்தான் போயிருந்தது, ஆனால் அதற்குப் பிறகுதான் அவன் கணக்கை நான் நம்பத் தொடங்கினேன்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்து நாமெல்லாம் சைக்கிளைத் தூசு தட்டினோம், நினைவிருக்கிறதா? பெற்றோல் வந்ததும் அது திரும்பச் சுவரோடு சாய்ந்துவிட்டது. கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் நிழல் இல்லாத வீதியில் யார்தான் மிதிப்பார்? ஆகவே சைக்கிள் பாதையும் மரநடுகையும் திட்டத்தில் இரண்டு தலைப்பாக இருக்கலாம், வீதியில் ஒன்றுதான். மின்கம்பிக்கு நேர் கீழே வாகையை நட்டுவிட்டு, வளர்ந்ததும் தலையை வெட்டும் பழக்கத்தையும் விட வேண்டும்.

கூட்டல் மட்டும் கணக்கு ஆகாது, கழித்தலும் உண்டு. மழைநீர்த் தொட்டிக்கு மூடியும் வலையும் இல்லாவிட்டால் ஒரு கிழமை, பத்து நாளில் அது டெங்கு நுளம்புக்குத் தொட்டிலாகிவிடும். மாரி மழையோடு நம்மூரில் டெங்கு எப்படி ஏறுகிறது என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் சொல்வார். மூடிக்கான செலவு திட்டத்தில் இல்லை. மாணவன் அதைச் சிவப்பு மையால் எழுதிச் சேர்த்தான். சபையில் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் அழிக்கவில்லை.

பயிற்சி முடிகிற வாரம் அந்த அம்மம்மா வீட்டுக்கு மறுபடி போனோம். அடுப்பைப் பின்கதவடிக்கு நகர்த்தி வைத்திருந்தார். மானியும் முன்னைப்போலத் தாவவில்லை. "இப்பப் புகை பறவாயில்ல மனே," என்றார். "காகம்தான் கரைச்சல். புட்டைத் தூக்கிட்டுப் போகுது."

வணக்கம்.