ஆல்பத்துக்குப் பெயர் கேட்கும் முன்

வணக்கம் நேயர்களே.

சினிமாவைச் சாராத சிறு இசைக்குழுக்கள் சில, புது ஆல்பத்துக்கு ரசிகர்களிடமே பெயர் கேட்பதுண்டு. "பாட்டெல்லாம் ரெடி, பேரை நீங்க சொல்லுங்க" என்று ஒரு வரி போடுவார்கள். வந்து குவிவதில் பெரும்பங்கு, குழுவின் பெயரை வைத்துச் செய்த சிலேடைகளாக இருக்கும். மிச்சமெல்லாம் கனவு, பயணம், தேடல், வேர். ரசிகர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒன்றையும் காட்டாமல் கேட்டால் அவர்கள் கையில் இருப்பது குழுவின் பெயர் மட்டும்தானே?

கேட்காவிட்டாலும் ரசிகர்கள் பெயர் வைத்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம். பீட்டில்ஸ் 1968-ல் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டுக்குக் குழுவின் பெயரே தலைப்பு. அட்டை வெள்ளையாக இருந்ததால் உலகம் அதை வெள்ளை ஆல்பம் என்றே அழைக்கிறது. ஆங்கிலப் பாடகர் பீட்டர் கேப்ரியல் 1977, 1978, 1980-ல் வந்த மூன்று தனி ஆல்பங்களுக்கும் தன் பெயரையே வைத்தார். ரசிகர்கள் அட்டைப்படத்தைப் பார்த்து கார், கீறல், உருகல் என்று பிரித்துக்கொண்டார்கள். ஆக, ரசிகர் கண்ணிலும் காதிலும் எது பட்டதோ அதற்குத்தான் அவர் பெயர் வைப்பார். எதைக் காட்டிக் கேட்பது என்று முடிவெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முழு ஆல்பத்தையும் காட்ட வேண்டியதில்லை. இரண்டு பாட்டிலிருந்து நாற்பது நாற்பது விநாடித் துண்டு, ஒரு பாட்டின் நாலு வரி, அட்டைப்பட ஓவியத்தின் கரட்டு வடிவம் போதும். துண்டுகள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட மனநிலையில் இருக்கட்டும். இரண்டும் சோகப் பாட்டாக இருந்தால், ஆல்பத்தில் மூன்று குத்துப்பாட்டு இருந்தாலும் வருகிற பெயரெல்லாம் கண்ணீர்தான்.

பெயர்களைக் கருத்துப் பகுதியில் வாங்காதீர்கள். முதலில் எழுதியவரைப் பார்த்தே அடுத்த ஐம்பது பேரும் எழுதுவார்கள். கூகுள் படிவம் ஒன்று போதும். அதில் நான்கே கேள்வி: பெயர் என்ன, அதைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எப்படி எழுதுவீர்கள், எந்த வரி அல்லது ஓசை இதைத் தோற்றுவித்தது, தேர்வானால் அட்டையில் உங்களை எப்படிக் குறிப்பிடலாம். மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதச் சோம்பல் படுபவர் பெயரையும் யோசிக்காமல்தான் அனுப்பியிருப்பார். தொலைபேசி எண் கேட்க வேண்டாம். மின்னஞ்சல் போதும், அதையும் வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரைக் குழந்தை என்கிறது. அவர்கள் தகவலைப் பெறப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஒரே பெயரைப் பலர் அனுப்புவார்கள். படிவத்தின் நேரப்பதிவுப்படி முதலில் அனுப்பியவருக்கே பெருமை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் பின்னால் சண்டை வராது.

ஒரு வாரம் திறந்து வையுங்கள். பத்து நாள் அதிகபட்சம். ஆனால் அந்த வாரத்தைக் காலண்டரில் எங்கே வைப்பது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பாடலுக்குப் பாடல் தரப்படும் ஐ.எஸ்.ஆர்.சி. அடையாள எண்ணுக்கும் ஆல்பத்தின் பெயருக்கும் தொடர்பில்லை. அதை வாங்கப் பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அட்டைப்படத்துக்கும், பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனத்தின் படிவத்துக்கும் பெயர் முடிவாகியிருக்க வேண்டும். குறுந்தகடு போடுவதாக இருந்தால் ஆலைக்குப் போகும் மாஸ்டர் என்ற மூலப் பதிவிலும் பெயர் பதியும். ஸ்பாட்டிஃபையில் உங்களைப் பின்தொடர்பவர்களின் வாராந்தரப் புதுப்பாட்டுப் பட்டியலில் உங்கள் பாட்டு நிச்சயமாக இடம்பெற, வெளியீட்டுக்கு ஏழு நாள் முன்பாவது அதை அந்த நிறுவனத்திடம் பரிந்துரைத்திருக்க வேண்டும். விநியோக நிறுவனம் எடுக்கும் நாட்களையும் கூட்டினால், வெளியீட்டுக்கு எட்டு வாரம் முன்பே பெயர் கேட்டு முடித்திருப்பது நல்லது. வினைல் தட்டு என்றால் இன்னும் பல மாதம் முன்னால்.

இனி சலிப்பது. தமிழ்க் குழுக்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. முதல் சோதனை எழுத்துக்கூட்டல். ஐந்து பேரைத் தொலைபேசியில் அழைத்துப் பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நாலு பேர் ஒரே மாதிரி அனுப்பினால் பெயர் தேறியது. 'மழை' என்று சொல்லிப் பாருங்கள்: ஒருவர் இசட்-எச் போடுவார், ஒருவர் வெறும் இசட், ஒருவர் எல் போட்டு 'மலை' ஆக்கிவிடுவார். ழகரமும் நெடிலும் ஒரே சொல்லில் வந்தால் எழுதும் வகை இன்னும் பெருகும். பெயர் அவ்வளவு பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஓர் எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். மற்றதை யூடியூப் விவரப் பகுதியில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். தலைப்பு தமிழ் எழுத்திலேயே போக வேண்டுமானால், உங்கள் விநியோக நிறுவனம் ஏற்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். குறுந்தகட்டில் கார் பிளேயர் காட்டும் சி.டி. டெக்ஸ்ட்டில் தமிழ் ஏறாது; அங்கே ஆங்கில எழுத்துதான்.

அடுத்தது தேடல். அரை நூற்றாண்டுக்கும் மேலான சினிமாப் பாட்டு நம் முன்னால் நிற்கிறது. எந்தப் பல்லவியின் முதல் சொல்லையும் தலைப்பாக வைத்தால் தேடுபவருக்கு முதலில் வருவது அந்தப் பாட்டுதான். 'கனவு' போன்ற ஒற்றைச் சொல் தலைப்பு கூட்டத்தில் காணாமல் போகும். பழக்கமான இரண்டு சொற்கள், பழக்கமில்லாத சேர்க்கையில் வந்தால் பிழைக்கும். நீளமும் ஒரு தொல்லை: அமெரிக்கப் பாடகி ஃபியோனா ஆப்பிள் 1999-ல் தொண்ணூறு சொல் கொண்ட கவிதையையே தலைப்பாக வைத்தார், மக்கள் முதல் மூன்று சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பிறகு அட்டை. விநியோக நிறுவனம் கேட்பது 3000-க்கு 3000 பிக்சல் சதுரம்; ரசிகர் பார்ப்பதோ கைபேசியில் கட்டைவிரல் நக அளவு. படத்தை அந்த அளவுக்குச் சுருக்கிப் பெயர் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால் அதே உயரத்தில் ஆங்கிலத்தைவிட எழுத்து சிறிதாகவே தெரியும். குறுந்தகட்டின் முதுகு ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர்தான். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்து அமைப்பை உலக மொழிகளுக்கானதாக மாற்றாவிட்டால் 'கொ'வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். இப்படி அச்சாகி வந்த அட்டைகள் ஏராளம். எழுத்தை வரைவடிவமாக (அவுட்லைன்) மாற்றியபின் அச்சகத்துக்கு அனுப்புங்கள். அட்டையில் இருப்பதும் விநியோகப் படிவத்தில் இருப்பதும் ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பப்படலாம்.

வாக்கெடுப்பு வைக்கலாமா? பொது வாக்கெடுப்பு வேண்டாம் என்பதே என் கருத்து. 2016-ல் பிரிட்டனின் இயற்கைச் சூழல் ஆய்வு மன்றம் புதிய துருவ ஆய்வுக் கப்பலுக்கு மக்களிடம் பெயர் கேட்டது. படகைக் குறிக்கும் 'போட்' என்ற ஆங்கிலச் சொல்லை வைத்துச் செய்த 'போட்டி மக்போட்ஃபேஸ்' என்ற கேலிப் பெயருக்கு 1,24,109 வாக்கு விழுந்து முதலிடம் வந்தது. இறுதி முடிவு தங்களுடையது என்று மன்றம் வைத்துக்கொண்டிருந்ததால் கப்பலுக்கு இயற்கை ஆவணப்படங்களால் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோவின் பெயர் கிடைத்தது. கேலிப் பெயர் அதில் போகும் ஆளில்லா நீர்மூழ்கிக்குப் போனது. 'இறுதி முடிவு எங்களுடையது' என்ற அந்த ஒரு வரியை நீங்களும் கூகுள் படிவத்தின் தலையில் எழுதுங்கள். ரசிகர் கருத்து வேண்டுமென்றால், சலித்தபின் மிஞ்சிய நாலைந்தை மட்டும் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்: முதலிடத்துக்கு மூன்று புள்ளி, அடுத்ததற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று. ஒற்றை வாக்கு முறையில் ஒரே சாயலுள்ள இரண்டு நல்ல பெயர் ஒன்றின் வாக்கை மற்றொன்று தின்றுவிடும். இடையில் யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காதது ஜெயிக்கும்.

உரிமை பற்றிச் சிலர் பயப்படுகிறார்கள். வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லிவிட்டது. ஆனாலும் வணிகச் சின்னமாகப் பதிவான பெயரா என்று பார்த்துவிடுங்கள். பெயரோடு ஒருவர் ஓவியமும் அனுப்பி அதை நீங்கள் அட்டையில் போட விரும்பினால் கதை வேறு: உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ஸ்ட்ரீமிங்கில் உலகம் முழுவதும் வெளியிடப்போகிறவர்கள் இந்த இரண்டு வரியையும் மறக்காமல் எழுதுங்கள்.

தேர்வானவருக்கு அறிவிப்புக்கு முதல் நாளே தகவல் சொல்லிவிடுங்கள். அட்டையில் போடும் பெயரின் எழுத்துக்கூட்டலை அவரிடமே சரிபாருங்கள். தேர்வாகாத நல்ல பெயர்களைக் கச்சேரிப் பயணத்துக்கோ டி-ஷர்ட்டுக்கோ பயன்படுத்தலாம், அனுப்பியவரிடம் கேட்டுவிட்டு. எந்தப் பெயருமே தேறவில்லை என்றால் அதையும் நேராகச் சொல்லி, குழுவே வைத்துக்கொள்ளலாம். அதற்கான இடத்தைத்தான் படிவத்தின் முதல் வரியில் விட்டு வைத்திருக்கிறீர்களே.

நன்றி, வணக்கம்.