தோள்பட்டை இறுக்கம்: இன்ஃப்ராரெட் சானா முதல்லயா, மசாஜ் முதல்லயா?

(திரையில்: தோள்பட்டை, மிக அருகில்)

வலது கையை எடுத்து இடது தோள் மேல போடுங்க. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கிற சதையை விரல்ல பிடிச்சு மெதுவா உருட்டிப் பாருங்க. புளியங்கொட்டை மாதிரி ஏதோ தட்டுப்படுதா? அமுக்கினா வலி காதுக்குப் பின்னால ஏறுதா? நாள் பூரா லேப்டாப் முன்னாடி குனிஞ்சு உக்கார்றவங்களுக்கு அது இல்லைன்னாதான் ஆச்சரியம். அந்தச் சதைக்குப் பேரு ட்ரபீஸியஸ்.

இதுக்கு ஸ்பாவுல ஒரு காம்போ விக்கிறாங்க. இன்ஃப்ராரெட் சானா, அதாவது வேர்க்க வைக்கிற சூட்டறை, அரை மணி. மசாஜ் ஒரு மணி. பலன் இருக்கா? இருக்கு. ஆனா அங்க போர்டுல எழுதி வெச்சிருக்கிற காரணத்தால இல்ல.

(திரையில்: மரப்பலகை அறை, சுவத்துல கறுப்புப் பேனல்கள்)

ஃபின்லாந்து சானாவுல கல்லைச் சூடாக்கி அது மேல தண்ணி ஊத்துவாங்க. காத்தே 80, 90 டிகிரி செல்சியஸ் இருக்கும். இன்ஃப்ராரெட் சானாவுல 45 லேர்ந்து 60 தான். இங்க காத்தை நம்பிச் சூடு வரல. பேனல்லேர்ந்து கதிரா வந்து நேரா தோல்ல விழுது. மார்கழிக் காலையில மொட்டை மாடியில நின்னா காத்து சில்லுன்னு இருக்கும், வெயில் பட்ட முதுகு மட்டும் இதமா சுடும் பாருங்க, அதே சங்கதிதான். இந்தக் கதிரைக் கண்டுபிடிச்சதே ஒரு தெர்மாமீட்டர். 1800-ல வில்லியம் ஹெர்ஷல்ங்கிற வானியலாளர் சூரிய ஒளியைப் பட்டகத்துல பிரிச்சு, சிவப்பைத் தாண்டி, நிறமே தெரியாத இடத்துல தெர்மாமீட்டரை வெச்சார். அங்கயும் சூடு ஏறிச்சு.

சரி, விளம்பரத்துக்கு வருவோம். "கதிர் பல சென்டிமீட்டர் ஆழம் இறங்கி தசையைத் தொடும்"னு சொல்றாங்க. இந்தப் பேனல்கள்ல வர்றது பெரும்பாலும் தூர அகச்சிவப்பு, அதாவது அலைநீளம் அதிகமான இன்ஃப்ராரெட். தண்ணி அதை ஒரே முழுங்கா முழுங்கிடும். நம்ம தோல்ல பெரும்பகுதி தண்ணிதான். அதனால ஒரு மில்லிமீட்டருக்குள்ளயே கதிரோட கதை முடிஞ்சிடுது.

அப்ப உள்ள இருக்கிற சதை எப்படிச் சூடாகுது? ரத்தம்தான் கொண்டு போகுது. தோல் சூடானதும் அங்க இருக்கிற ரத்தக்குழாய் விரியுது, சூட்டை வாங்கிக்கிட்ட ரத்தம் உடம்பு முழுக்கச் சுத்துது. ஜப்பான்ல ககோஷிமா பல்கலைக்கழகத்துல சுவா தேய்ங்கிற இதய மருத்துவர் 1989-ல 'வாவோன்'னு ஒரு சிகிச்சை ஆரம்பிச்சார். 60 டிகிரி அறையில 15 நிமிஷம், அப்புறம் போர்வை போத்தி 30 நிமிஷம் படுக்கணும். உடம்போட உள்சூடு ஒரு டிகிரி கிட்ட ஏறும். அது இதய நோயாளிகளுக்காக, டாக்டர் மேற்பார்வையில நடக்கிறது. நாமளா பண்ணிப் பாக்கிறது இல்ல. எனக்கு அதுல பிடிச்சது அந்தப் போர்வை. வெளிய வந்தப்புறமும் சூட்டைக் கலைய விடாம வெச்சிருக்காங்க. மசாஜ் நடக்க வேண்டியது சரியா அந்த அரை மணியிலதான்.

(திரையில்: தோளை நீவும் கை)

அந்தப் புளியங்கொட்டையை யாரும் உடைக்கிறது இல்ல. உடையறதுக்கு அது கல்லும் இல்ல. "தளர்ந்துக்கோ"ன்னு நரம்பு மண்டலத்துக்குப் போற சேதிதான் மசாஜ். சதை ஏற்கெனவே சூடா இருந்தா கொஞ்சம் இளகியிருக்கும். முழங்கை போட்டு அமுக்க வேண்டியதில்ல, உள்ளங்கையே போதும்.

ஒரு ஆபத்தும் இருக்கு. சூட்டுல வலி மட்டுப்பட்டுடும். "இன்னும் அழுத்துங்க"ன்னு நாமளே கேப்போம், மறுநாள் பாத்தா கன்னிப்போயிருக்கும். வழக்கமா கேக்கிற அழுத்தத்துல பாதி கேளுங்க.

லாக்டிக் ஆசிட் வெளியேறும், நச்சு வேர்வையில போகும்னு சொன்னா சிரிச்சுட்டு விட்டுடுங்க. அந்த லாக்டிக் ஆசிட் (லாக்டேட்) உடற்பயிற்சி முடிஞ்சு ஒரு மணி நேரத்துல தானா போயிடும். வேர்வை, உப்புத் தண்ணி. நச்சைப் பாத்துக்க ஈரலும் சிறுநீரகமும் இருக்கு.

இப்ப தலைப்புல இருக்கிற கேள்வி. கேரளா ஆயுர்வேதத்துல முதல்ல எண்ணெய் தேச்சுப் பிடிச்சு விடுவாங்க, அப்புறம்தான் தலை மட்டும் வெளிய தெரியற நீராவிப் பெட்டி. துருக்கியோட ஹமாம் குளியல்ல நேரெதிர். முதல்ல சூடான பளிங்குக் கல்லுல படுக்கணும், அப்புறம்தான் தேய்ப்பாங்க. நம்ம சித்த மருத்துவத்தோட 32 புறமருத்துவத்துல வேது, ஒற்றடம், தொக்கணம்னு ஆவி, சூடு, பிடிச்சு விடுறது மூணுக்கும் தனித்தனிப் பேரே இருக்கு. இன்ஃப்ராரெட்டுக்கு என் ஓட்டு ஹமாம் பக்கம். எண்ணெயோட உள்ள போனா பலகையெல்லாம் பிசுக்கு. சூடான பேனல்ல சொட்டினா இன்னும் மோசம். அதைவிட முக்கியம், சானாவுல கிடைச்ச இளக்கத்தைக் கைக்குப் பயன்படுத்தணும்னா கை அப்புறம்தானே வரணும்?

(திரையில்: டம்ளர், துண்டு)

முதல் தடவை நான் போனப்ப காலையில சாப்பிடல. 40 நிமிஷம் உள்ள இருந்துட்டு, ஒரு வாய் தண்ணி குடிக்காம நேரா டேபிள்ல கவுந்தேன். ஒரு மணி கழிச்சுச் சட்டுன்னு எழுந்தேனா, கண்ணு இருட்டிடிச்சு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன். விரிஞ்ச குழாய்ல ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருக்கு, அதுல படுத்து எழுந்தா வேற என்ன ஆகும்?

புதுசுன்னா 15 நிமிஷம் போதும். வேர்வையைத் துடைச்சுட்டு, ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சு, பத்து நிமிஷம் உக்காந்துட்டு டேபிளுக்குப் போங்க. மசாஜ் நடக்காத இடத்தைத் துண்டால மூடச் சொல்லுங்க.

கர்ப்பிணிகள், சமீபத்துல மாரடைப்பு வந்தவங்க, காய்ச்சல்ல இருக்கிறவங்க, குடிச்சிருக்கிறவங்க, இவங்களுக்கு இது வேண்டாம். பிரஷர் மாத்திரை போடுறவங்க டாக்டரைக் கேட்டுட்டுப் போங்க. சர்க்கரையால பாதம் மரத்துப் போனவங்களுக்குச் சுடுறதே தெரியாது, அவங்களும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான் போகணும். நேத்து சுளுக்கி வீங்கின இடத்துல சூடு வேண்டாம். நீண்ட பயணம் போய் வந்து ஒரு கால் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலிச்சா அதைப் பிடிப்புன்னு நெனச்சு நீவவே நீவாதீங்க. ரத்தக்கட்டியா இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

மசாஜ் முடிஞ்சா ஒருக்களிச்சு, கையை ஊனி எழுந்து, ஒரு நிமிஷம் காலைத் தொங்கப் போட்டு உக்காருங்க. பைக் சாவியை உடனே எடுக்காதீங்க. பக்கத்துல உப்பு போட்ட மோர் கிடைச்சா ஒரு டம்ளர் குடிச்சுட்டுக் கெளம்புங்க.