நல்லா இருக்குற எஸ்எஸ்டி, ஆனா ‘டிரைவே இல்ல’ங்குது விண்டோஸ்! பயாஸ்ல ஒளிஞ்சிருக்குற அந்த ஒரு செட்டிங்

[திரை: விண்டோஸ் இன்ஸ்டால் பக்கம். டிஸ்க் பட்டியல் காலி.]

இந்தத் திரையைப் பாருங்க மக்களே. பென்டிரைவைச் சொருகி, விண்டோஸ் போடலாம்னு உக்காந்து, நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டிக்கிட்டே வர்றோம். எந்த டிஸ்க்ல போடணும்னு கேக்குற இடம் வந்ததும் பட்டியல் மொத்தமா காலி. கடைக்குத் தூக்கிட்டுப் போனா, ‘எஸ்எஸ்டி போயிடுச்சு சார், மாத்தணும்’னு சொல்றதுக்கும் ஆள் இருக்கு. நேத்து ராத்திரி வரைக்கும் அதே எஸ்எஸ்டில நல்லா ஓடிட்டிருந்த லேப்டாப்!

எஸ்எஸ்டிக்கு ஒண்ணும் ஆகல. லேப்டாப் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னாடியே ஓடுற புரோகிராம்தான் பயாஸ், அதுல விஎம்டின்னு ஒரு செட்டிங் இருக்கு. மொத்த வேலையும் அதோடதுதான். அதைப் பாத்துட்டு, பழைய லேப்டாப் வாங்கப் போறவங்க பயாஸ்ல எதைப் பாக்கணும், டேலில கணக்குப் போடுறவங்களுக்கு ஏன் வால்யூம் ஏறி இறங்குது, பேட்டரியை எப்படி 80 சதவீதத்துல நிறுத்துறதுன்னும் பாத்துடலாம். இன்னும் சப்ஸ்கிரைப் பண்ணலைன்னா இப்பவே பண்ணிடுங்க, கடைசியில கேட்டா யாரும் பண்றதில்ல.

வரலாறு வேணும்ங்கறவங்களுக்கு அரை நிமிஷம். 1981-ல ஐபிஎம் பிசி வந்தப்போ அதுல இருந்த பாகங்களை யார் வேணா வெளியில வாங்கலாம், பயாஸ் மட்டும் ஐபிஎம்மோட காப்பிரைட். காம்பேக் கம்பெனி என்ன பண்ணுச்சுன்னா, ஒரு குழு ஐபிஎம் பயாஸைப் படிச்சு ‘இது என்னென்ன வேலை செய்யுது’ன்னு மட்டும் எழுதிக் குடுத்துச்சு, ஐபிஎம் கோடைக் கண்ணாலயே பாக்காத இன்னொரு குழு அதை வச்சு புதுசா எழுதுச்சு. கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கும். என்னைக் கேட்டா, இன்னைக்கு நாம இத்தனை கம்பெனி லேப்டாப் வாங்குறதுக்குப் பிள்ளையார் சுழி அங்கதான் விழுந்துச்சு. இப்ப உங்க லேப்டாப்ல இருக்குறது அந்தப் பழைய பயாஸ் இல்ல, அதோட இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ. பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு, நாமளும் பயாஸ்னே சொல்வோம்.

[திரை: கீபோர்டு மேல்வரிசை, குளோஸப்]

உள்ள எப்படிப் போறது? டெல், ஏசர், ஏசஸ், லெனோவோ ஐடியாபேட் எல்லாம் எஃப்2. லெனோவோ திங்க்பேட் எஃப்1. எச்பி எஃப்10. எம்எஸ்ஐ டெலீட். பவர் பட்டனை அழுத்தின கையோட டொக் டொக்குன்னு தட்டிக்கிட்டே இருங்க. பல பேருக்கு இது வேலை செய்யாது. காரணம் என்னன்னா, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா விண்டோஸ்ல ஷட் டவுன் குடுத்தாலும் அது முழுசா அணையறதில்ல. ரீஸ்டார்ட் குடுத்தாத்தான் முழுசா அணைஞ்சு எந்திரிக்கும். ஷிஃப்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ரீஸ்டார்ட் குடுங்க. நீலத் திரை வரும். அதுல டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். நேரா பயாஸ்ல கொண்டுபோய் விட்டுடும், விரல் தேய வேண்டியதில்ல.

உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வேலை. இதை மட்டும் தள்ளி விட்டுப் பாக்காதீங்க, ப்ளீஸ். விண்டோஸ் 11-ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு லாகின் பண்ணியிருந்தா, நிறைய லேப்டாப்ல உங்களைக் கேக்காமலே டிஸ்க்கைப் பூட்டி வச்சிருக்கும். பிட்லாக்கர்னு சொல்வாங்க. பயாஸ்ல செக்யூர் பூட் (நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் பூட் ஆக விடுற காவல்), டிபிஎம் (சாவியைப் பத்திரமா வச்சிருக்குற பாதுகாப்புச் சிப்) பக்கம் கையை வச்சீங்கன்னா, அடுத்த தடவை ஆன் பண்றப்போ 48 இலக்க எண்ணைக் கேட்டு நிக்கும். அந்த எண் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பக்கத்துல, டிவைஸஸ்ங்கற இடத்துல இருக்கும். முதல்ல அதை எடுத்துக் காகிதத்துல எழுதி வைங்க. அதே லேப்டாப்ல நோட்பேட்ல சேவ் பண்ணி வைக்கிற மகராசர்களுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அந்த எண் இல்லைன்னா டேட்டா போனதுதான், எந்தக் கடைக்காரராலயும் திறக்க முடியாது. அப்படியே பயாஸ்ல ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல ஃபோட்டோ எடுத்துக்கோங்க. எதை மாத்தினோம்னு மறந்துட்டா அதுதான் துணை.

[திரை: பயாஸ், அட்வான்ஸ்டு பக்கம்]

இப்ப விஎம்டி. இது சர்வர்களுக்காக இன்டெல் செஞ்ச சங்கதி. ஒரு பெட்டியில பத்து இருபது எஸ்எஸ்டி இருக்குற இடத்துல, மெஷினை அணைக்காமலே ஒண்ணைக் கழட்டி இன்னொண்ணு மாட்ட, பல டிஸ்க்கை ஒண்ணாச் சேத்து ரெய்டு போட, இதெல்லாம் வசதியா இருக்கும். 2020-ல வந்த 11-வது தலைமுறை கோர் பிராசசர்ல இருந்து இதை லேப்டாப்லயும் கொண்டுவந்துட்டாங்க. ஒரே ஒரு எஸ்எஸ்டி இருக்குற லேப்டாப்ல!

கேட்டட் கம்யூனிட்டி வாசல்ல செக்யூரிட்டி நிப்பார்ல, விஎம்டி அந்த மாதிரி. முன்னாடியெல்லாம் விண்டோஸ் இன்ஸ்டாலர் தெருவுல நேரா வந்து எஸ்எஸ்டி வீட்டுக் கதவைத் தட்டும். இப்ப வாசல்லயே நிறுத்தி பாஸ் கேக்குறாங்க. டிரைவர்ங்கற சின்ன சாஃப்ட்வேர்தான் அந்த பாஸ். இன்ஸ்டாலர் கையில பாஸ் இல்ல. சரி, பாஸ் இல்லைன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போனா பரவால்ல. ‘இந்த ஏரியாவுல வீடே இல்லீங்க’ன்னு நம்மகிட்ட வந்து சொல்லுது பாருங்க, அங்கதான் எனக்குக் கோவம் வரும்.

வழி ரெண்டு. ஒண்ணு, பாஸ் வாங்கிக் குடுக்குறது. உங்க லேப்டாப் கம்பெனி சைட்டுல மாடல் நம்பரைப் போட்டு, இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரிச்சு அதே பென்டிரைவ்ல போட்டு வைங்க. பட்டியல் காலியா நிக்கிற அந்தத் திரையிலயே லோட் டிரைவர்னு ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கி ஃபோல்டரைக் காட்டினா எஸ்எஸ்டி டக்குன்னு வந்து நிக்கும். ரெண்டு, செக்யூரிட்டியையே வீட்டுக்கு அனுப்புறது. பயாஸ்ல விஎம்டியை டிசேபிள் பண்றது. ஏசஸ்ல அட்வான்ஸ்டு பக்கத்துல விஎம்டி செட்டப்னு தனி மெனுவே இருக்கும். டெல்ல ஸ்டோரேஜ் பக்கத்துல ரெய்டு ஆன்னு இருக்குறதை ஏஎச்சிஐனு மாத்தணும்.

ஏசர்ல? இதுக்காகத்தான் இந்த வீடியோவே போடணும்னு தோணுச்சு. ஏசர் பயாஸ்ல எத்தனை தடவை தேடினாலும் அந்த ஆப்ஷன் கண்ணுல படாது. மெயின் பக்கத்துல நின்னுக்கிட்டு கண்ட்ரோலும் எஸ்ஸும் சேத்து அழுத்துங்க.

[திரை: விஎம்டி கண்ட்ரோலர் வரி புதுசா முளைக்கிறது. ரெண்டு தடவை போட்டுக் காட்டவும்.]

பாத்தீங்களா? எங்கேயோ இருந்து ஒரு வரி முளைக்குது. மந்திரவாதி வேலை! திரையில ஒரு இடத்துல கூட இதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. அது மட்டுமா, பல ஏசர் மாடல்ல செக்யூர் பூட் வரி சாம்பல் நிறத்துல செத்துக் கிடக்கும், தொட முடியாது. பயாஸுக்கு சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒண்ணைப் போட்டாத்தான் உயிர் வரும். வேலை முடிஞ்சதும் அந்த பாஸ்வேர்டை எடுத்துடுங்க. ஏன்னு கொஞ்ச நேரத்துல புரியும்.

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே விண்டோஸ் ஓடிட்டிருக்குற லேப்டாப்ல, ‘அண்ணன் சொல்லிட்டாரு’ன்னு போய் விஎம்டியை அணைக்காதீங்க. இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்னு நீலத் திரை வந்து நிக்கும். பதற வேண்டாம், டேட்டா அப்படியேதான் இருக்கு. பழையபடி மாத்தினா எந்திரிச்சு வந்துடும். புதுசா விண்டோஸ் போடுறப்ப மட்டும் இதைத் தொடுங்க. ஏஎம்டி ரைசன் லேப்டாப் வச்சிருக்கவங்க சிரிச்சுக்கோங்க, உங்களுக்கு விஎம்டியே கிடையாது.

[திரை: திங்க்பேட், செக்யூரிட்டி பக்கம்]

அடுத்தது பழைய லேப்டாப் வாங்கறவங்களுக்கு. ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, ஐடி கம்பெனிகள் கழிச்சுவிட்ட திங்க்பேட், டெல் லாட்டிட்யூட் எல்லாம் நல்ல விலைக்குக் கிடைக்குது. எல்லாரும் என்ன பாக்குறாங்க? ஸ்க்ரீன்ல கோடு இருக்கா, பேட்டரி எவ்வளவு நேரம் நிக்குது. காசு குடுக்கறதுக்கு முன்னாடி பயாஸைத் திறந்து ரெண்டு வரி பாருங்க.

முதல் வரி, சூப்பர்வைசர் பாஸ்வேர்டு. எனேபிள்டுன்னு இருந்து, விக்கிறவருக்கும் அது தெரியலைன்னா வாங்காதீங்க. டெஸ்க்டாப் காலத்துல பலதுல உள்ள இருக்குற காசு மாதிரியான சின்ன பேட்டரியைக் கழட்டி மாட்டினா பயாஸ் பாஸ்வேர்டு மறைஞ்சுடும். அதே நினைப்புல திங்க்பேடைப் பிரிச்சுப் பிரயோஜனமில்ல. பாஸ்வேர்டு தனிச் சிப்புல உக்காந்திருக்கு, அதுக்குக் கரண்டே தேவையில்ல. சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்துட்டா மதர்போர்டையே மாத்தணும்னு லெனோவோவே எழுதி வச்சிருக்கு. விண்டோஸ் ஓடும், படம் பாக்கலாம், எல்லாம் சரி. ஒரு நாள் பென்டிரைவ்ல பூட் பண்ணவோ செக்யூர் பூட்டை மாத்தவோ போனீங்கன்னா கதவு சாத்தியிருக்கும்.

ரெண்டாவது வரி, கம்ப்யூட்ரேஸ். புது மாடல்கள்ல அப்சல்யூட்னு பேரு. திருட்டுப் போன லேப்டாப்பைக் கண்டுபிடிக்க கம்பெனிகள் வாங்குற சர்வீஸ். இதோட சின்னத் துண்டு பயாஸ் சிப்புலயே இருக்கு. நீங்க டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணுங்க, புது எஸ்எஸ்டியே மாட்டுங்க. விண்டோஸ் எந்திரிக்கிறப்ப பயாஸ்ல இருந்து இறங்கி வந்து தன்னைத் தானே திரும்ப இன்ஸ்டால் பண்ணிக்கும், பழைய ஓனருக்குத் தகவல் சொல்லும். வாங்கினவரோட கண்ணோட்டத்துல இது பேய்க்கதை, கம்பெனிக்காரரோட கண்ணோட்டத்துல நல்ல காவல். கரன்ட் ஸ்டேட் ஆக்டிவேட்டடுன்னு இருந்தா அந்தக் கம்பெனிதான் எடுத்துவிடணும். நீங்க நைசா நகந்துடுங்க.

இதே தந்திரத்தை ஹேக்கர்களும் பிடிச்சுக்கிட்டாங்க. 2018-ல ஈசெட்ங்கற ஆன்டிவைரஸ் நிறுவனம் லோஜாக்ஸ்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சுச்சு. பயாஸ் சிப்புக்குள்ள குடியேறுற மால்வேர். நிஜ உலகத்துல பிடிபட்ட முதல் யூஇஎஃப்ஐ ரூட்கிட்னு சொன்னாங்க. செக்யூர் பூட்டைக் காரணமில்லாம அணைச்சு வைக்காதீங்கன்னு நான் சொல்றதுக்கு இது ஒரு காரணம். லினக்ஸ் போடணும்னு அணைக்கிறவங்களுக்கு: உபுண்டு, ஃபெடோரா ரெண்டும் செக்யூர் பூட் ஆன்ல இருந்தாலே பூட் ஆகும்.

உபுண்டுன்னதும் ஞாபகம் வருது. 2017 கடைசியில உபுண்டு 17.10 போட்ட சில லெனோவோ லேப்டாப்ல பயாஸ் செட்டிங்ஸ் சேவ் ஆகாமப் போச்சு. ஒரு இன்டெல் டிரைவர், பயாஸ் சிப்பை எழுத முடியாதபடி பூட்டி வச்சிடுச்சு. உபுண்டுவை வெளியிடுற கேனானிக்கல் டவுன்லோடையே நிறுத்திட்டு, ஜனவரியில திருத்தி விட்டாங்க. ஆப்பரேட்டிங் சிஸ்டம் போய் பயாஸைக் கெடுக்கும்னு யாராவது முன்னாடி சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணும்னு கேட்டா, இன்டெல்ல பிடிடி, ஏஎம்டில எஃப்டிபிஎம், ஆன் பண்ணுங்க. ஆண்ட்ராய்டு எமுலேட்டர், விர்ச்சுவல் மெஷின் இழுத்தா வர்ச்சுவலைசேஷனை ஆன் பண்ணுங்க. இதுல பேச ஒண்ணுமில்ல.

[திரை: டேலி வவுச்சர் பக்கம், கை கீபோர்டு மேல]

டேலி ஆளுங்களுக்கு. எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 சேல்ஸ். புது லேப்டாப் வாங்கி எஃப்8 தட்டினா வவுச்சர் வராது, வால்யூம் ஏறும். இல்ல வெளிச்சம் குறையும். ஒவ்வொரு தடவையும் எஃப்என் சேத்து அழுத்திக்கிட்டு வருஷக் கணக்கை முடிக்கிறவங்களை நினைச்சா பாவமா இருக்கு. எச்பி பயாஸ்ல ஆக்ஷன் கீஸ் மோட், ஐடியாபேட்ல ஹாட்கீ மோட். டிசேபிள் பண்ணுங்க. மேல்வரிசை பழையபடி எஃப்1, எஃப்2ன்னு ஆயிடும். திங்க்பேட்காரங்களுக்கு இன்னொரு வரப்பிரசாதம்: பல மாடல்கள்ல மூலையில கண்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்துல எஃப்என் இருக்கும், காப்பி பேஸ்ட் பண்ணப் போய் பல்லைக் கடிப்பீங்க. ரெண்டையும் மாத்திக்க பயாஸ்லயே ஒரு வரி வச்சிருக்காங்க.

பேட்டரி. லேப்டாப் நாள் முழுக்க சார்ஜர்லயே கிடக்குதா? லித்தியம் பேட்டரியை நூறு சதவீதத்துலயே, அதுவும் சூட்டுல வச்சிருந்தா சீக்கிரம் தேஞ்சுடும். எச்பி பிசினஸ் மாடல்கள்ல பேட்டரி ஹெல்த் மேனேஜர்னு இருக்கும்; மேக்ஸிமைஸ் மை பேட்டரி ஹெல்த்னு வச்சா 80-ல நின்னுடும். டெல்ல கஸ்டம்னு போட்டா எங்க ஆரம்பிக்கணும், எங்க நிக்கணும்னு நீங்களே எண் குடுக்கலாம். வெயில் காலத்துல ஏசி இல்லாத ரூம்ல வேலை பாக்குறவங்க இன்னைக்கே பண்ணுங்க.

பயாஸ் அப்டேட் பண்றதா இருந்தா சார்ஜர் சொருகி, பேட்டரியும் இருக்கான்னு பாத்து, பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணிட்டுத் தொடங்குங்க. கம்பெனி சைட்டைத் தவிர வேற எங்கயும் ஃபைல் எடுக்காதீங்க. கரண்ட் கட் அறிவிச்ச நாள்ல ஆசைப்படாதீங்க.

எல்லாம் முடிஞ்சதும் பெரும்பாலான லேப்டாப்ல எஃப்10, அப்புறம் ‘யெஸ்’. சேவ் ஆகி ரீஸ்டார்ட் ஆகும். உங்க லேப்டாப்ல பயாஸ் கீ நான் சொன்னதுல இருந்து வேறயா இருந்தா மாடல் பேரோட கமெண்ட்ல போடுங்க, மொத்தமா சேத்து மேல பின் பண்றேன். ஏசர் கண்ட்ரோல் எஸ் மாதிரி ஒளிஞ்சிருக்குற கீ தெரிஞ்சவங்க முதல்ல வாங்க.